பூச்சியத்தில் தொடங்கச் சொல்லாதீர்கள்

கனடாவுக்குப் புதிதாக வந்து இறங்கும் தமிழருக்கு முதல் கிழமையிலேயே ஓர் அறிவுரை கிடைத்துவிடும். விமான நிலையத்திலிருந்து ஏற்றிவரும் ஒன்றுவிட்ட அண்ணன் சொல்வார். கோயிலில் சந்திக்கும் மாமா சொல்வார். புதிதாக வந்தோருக்கான கருத்தரங்கில் கோட்டுப் போட்டு நிற்கும் வங்கி அலுவலரும் அதையே கொஞ்சம் மெருகேற்றிச் சொல்வார். "ஊரில நீங்கள் என்னவா இருந்தாலும் அதை மறந்துபோடுங்கோ. இஞ்ச எல்லாரும் பூச்சியத்திலதான் தொடங்கவேணும்." பின்னாலேயே கட்டளைகளும் வரும். கிடைக்கிற வேலையை எடு. வங்கியில் ஐந்நூறு டொலரை ஈடாக வைத்து ஒரு கடனட்டை வாங்கு. இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இரு, பிறகு எல்லாம் தானாகச் சரிவரும்.

சொல்பவர்கள் நல்ல மனத்தோடுதான் சொல்கிறார்கள். பலர் தங்கள் வீட்டு அறையைக் கொடுத்து, குளிர்ச் சட்டையையும் கொடுத்துவிட்டுச் சொல்கிறார்கள். அதனாலேயே இதை எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வருவதில்லை. ஆனாலும் இந்த அறிவுரை பிழை. கேட்டு நடக்கிறவர்களை அது வருஷக்கணக்கில் பின்னுக்குத் தள்ளுகிறது. புதியவரின் கடந்தகாலத்தை வாசிக்க விரும்பாத வங்கிக்கும் முதலாளிக்கும் அது நல்ல சாட்டாகவும் போய்விடுகிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். திறமைசார் தொழிலாளராக விண்ணப்பிப்பவரை அளக்கக் கனடிய அரசு நூறு புள்ளி கொண்ட ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. தேறுவதற்கு 67 வேண்டும். மொழிக்கு 28, கல்விக்கு 25, வேலை அனுபவத்துக்கு 15, வயதுக்கு 12, கையில் உள்ள வேலை வாய்ப்புக்கு 10, நாட்டோடு ஒத்துப்போகும் தகைமைகளுக்கு 10. இப்போது ஊரில் படித்த படிப்புக்கும் ஊரில் பார்த்த வேலைக்கும் பூச்சியம் போட்டுக் கூட்டிப் பாருங்கள். மற்ற எல்லாவற்றிலும் முழுப் புள்ளி எடுத்தாலும் 60தான் வரும். ஆள் விமானம் ஏறியிருக்கவே முடியாது.

அந்தப் புள்ளிகளுக்காக அவர் பட்டபாடு கொஞ்சமல்ல. பட்டத்தைக் கனடியத் தராதரத்தோடு ஒப்பிட்டு அறிக்கை எடுக்கக் கைக்காசு கட்டியிருக்கிறார். பழைய முதலாளிமாரிடம் நடையாய் நடந்து, என்ன பதவி, என்ன கடமைகள், கிழமைக்கு எத்தனை மணித்தியாலம், என்ன சம்பளம் என்று ஒவ்வொன்றும் குறித்த கடிதம் வாங்கியிருக்கிறார். தனி ஆளானால் 2025ஆம் ஆண்டுக் கணக்குப்படி 15,263 டொலர் சேமிப்புக் காட்டவேண்டும். அந்தப் பணம் நேற்று வந்து விழுந்ததல்ல, ஆறு மாதமாகக் கணக்கில் இருக்கிறது என்பதற்கு வங்கிக் கடிதமும் வேண்டும். அரசு இவ்வளவையும் வரி வரியாக வாசித்து, எண்ணி, ஒப்புக்கொண்டுதான் உள்ளே விட்டிருக்கிறது. இப்படி வந்தவரிடம் "எல்லாத்தையும் மறந்துபோடு" என்று சொல்வதற்கு எங்களுக்கு என்ன உரிமை?

இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்பது தெரியாமல் இல்லை. 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு வந்தவர்களுக்குப் பூச்சியம் என்பது அறிவுரை அல்ல, நிலவரம். 1986 ஓகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்துவந்த 155 தமிழரிடம் யாரும் பட்டச் சான்றிதழ் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர்களிடம் கொடுக்க ஒன்றும் இருந்திருக்காது. யுத்தத்துக்குள்ளிருந்து ஓடிவந்தவரால் வங்கியிடம் கடிதம் எடுக்க முடியாது, பழைய முதலாளியைத் தொலைபேசியில் பிடிக்க முடியாது. அவர்கள் உணவகங்களில் கோப்பை கழுவினார்கள், பகலில் ஒன்றும் இரவில் ஒன்றுமாக வேலை செய்தார்கள், வீடு வாங்கினார்கள், பிள்ளைகளைப் படிப்பித்தார்கள். அந்த உழைப்பின் முன்னால் யாரும் வாய் திறக்க முடியாது.

ஆனால் "நாங்களும் கோப்பை கழுவித்தானே வந்தனாங்கள்" என்று சொல்பவர் கரையேறியவர். அதே சமையலறையில் இருபது வருஷம் நின்று முதுகு போனவரை எந்தக் கருத்தரங்கிலும் பேசக் கூப்பிடுவதில்லை. அன்றைய ஸ்காபரோ வீட்டு விலைக்கும் இன்றைய விலைக்கும் உள்ள தூரம் சொல்பவருக்கே நன்றாகத் தெரியும், அதைப் பற்றி நான் நீட்டப்போவதில்லை. வருகிற ஆட்களும் மாறிவிட்டார்கள். 2022இல் இலங்கையின் பொருளாதாரம் விழுந்த பிறகு வந்துகொண்டிருப்பவர்களில் வங்கி அலுவலர் இருக்கிறார், கணக்காளர் இருக்கிறார், தாதி இருக்கிறார், மென்பொருள் எழுதுகிறவர் இருக்கிறார். அவர்கள் கையில் ஒரு தடித்த கோவை இருக்கிறது. அகதியாக வந்தவருக்கு வாய்க்காத அந்தக் கோவையைப் பெட்டிக்கு அடியில் போட்டு மூடச் சொல்கிறது இந்த அறிவுரை.

இனி வங்கிக்கு வருவோம். இங்கேதான் பூச்சியக் கதை மிகவும் விஞ்ஞானபூர்வமாகத் தோற்றம் காட்டும். கனடாவில் ஒருவரின் கடன் வரலாற்றை ஈக்விஃபாக்ஸ், ட்ரான்ஸ்யூனியன் என்ற இரண்டு நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. 300இலிருந்து 900 வரை ஒரு புள்ளி போடுவார்கள். புதிதாக வந்தவருக்குப் புள்ளியே இல்லை. அவர் பெயரில் தேடினால் வெறுமை வரும்.

சென்னையில் பத்து வருஷம் ஒரு தவணையும் தவறாமல் வீட்டுக் கடன் கட்டிய ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே அவருடைய வரலாறு சிபில் என்று எல்லாரும் சொல்கிற அமைப்பில் பதிவாகியிருக்கிறது. அதன் புள்ளியும் 300இலிருந்து 900 வரைதான். அந்த அமைப்பின் முழுப் பெயர் இன்றைக்கு ட்ரான்ஸ்யூனியன் சிபில். பெரும்பங்கு ட்ரான்ஸ்யூனியனுடையது. அதாவது அவர் ஒழுங்காகக் கடன் கட்டினார் என்பதை அறிந்த அதே குழுமம், அவர் ரொறன்ரோவில் இறங்கியதும் "இவரை எங்களுக்குத் தெரியாது" என்கிறது. கொழும்பிலிருந்து வருபவருக்கும் இதே கதைதான். 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த கடன் தகவல் பணியகம் அங்கே இருக்கிறது. ஊரில் லீசிங் எடுத்தவர் எவருக்கும் அது தரும் கிரிப் அறிக்கை என்றால் தெரியும். அதுவும் கட்டுநாயக்கா விமான நிலையத்தோடு நின்றுவிடுகிறது.

நாட்டுக்கு நாடு சட்டம் வேறு, தரவு வேறு, ஒப்பிட முடியாது என்பார்கள். ஒப்பிடுகிறார்களே. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், நோவா கிரெடிட் என்ற நிறுவனத்தின் வழியாக வெளிநாட்டுக் கடன் வரலாற்றைப் பார்த்து அமெரிக்காவில் அட்டை கொடுக்கத் தொடங்கியது 2019இல். கனடாவிலேயே ஈக்விஃபாக்ஸ் 2024இல், இந்தியாவிலிருந்து வருபவர்களில் தொடங்கி, பழைய நாட்டின் வரலாற்றை இங்கே வாசிக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. முடியாது என்று இத்தனை காலம் சொன்னது, வியாபாரத்துக்குத் தேவை வந்ததும் முடிகிறது. புதிதாக வருபவருக்குக் கடன் வரலாறே கேட்காமல், ஈடும் கேட்காமல் அட்டை தருகிற திட்டங்களைப் பெரிய வங்கிகள் வைத்திருக்கின்றன. வெற்றுக் கோவைக்காரர் ஏமாற்றுக்காரர் அல்ல என்பது வங்கிக்குத் தெரியும். தெரியாமல் இருப்பது எங்களுக்குத்தான். வந்த புதிதில், அந்தத் திட்டத்துக்குத் தகுதி இருக்கும்போதே, அதைக் கேட்காமல் ஐந்நூறு டொலரை ஈடாகக் கட்டிவிட்டு வருகிறோம். பூச்சியம் என்று நம்பிப் போகிறவர் பூச்சியத்துக்கு உரியதைத்தான் கேட்பார்.

அந்த ஐந்நூறு டொலர் அட்டை என்ன செய்கிறது என்று கிட்ட நின்று பாருங்கள். அட்டை எல்லையில் 30 சதவீதத்துக்கு மேல் பாவிக்காதீர்கள் என்பது அரசின் நிதி நுகர்வோர் முகமையே சொல்லும் புத்திமதி. ஐந்நூறில் 30 சதவீதம் நூற்றைம்பது. ஒரு மாதப் பேருந்து அட்டைக்கே அது காணாது. அரிசி, பால், தொலைபேசிக் கட்டணம் என்று முந்நூறு டொலருக்கு அட்டையைத் தேய்த்தால் பாவனை 60 சதவீதம் ஆகிவிடும். பில் வந்ததும் கடைசிச் சதம் வரை கட்டுகிறார். ஆனால் பெரும்பாலும் ஈக்விஃபாக்ஸ் போன்ற கடன் பணியகத்துக்குப் போவது பில் முடியும் நாளில் இருந்த முந்நூறு. எல்லையை நெருங்கிக் கடன் வாங்குகிற ஆள் என்று அது வாசிக்கும். ஐயாயிரம் எல்லை உள்ளவர் அதே முந்நூறைச் செலவழித்தால் 6 சதவீதம், அவர் கட்டுப்பாடான மனிதர். இருவரும் வாங்கியது ஒரே கடையில் ஒரே அரிசி. இதை அறிந்தவர் பில் முடிவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னரே கட்டிவிடுவார். அறியாதவருக்கு மாமா சொல்வது, "இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கோ."

இந்த இடத்தில் வங்கிக் கருத்தரங்குகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிதி அறிவு என்ற தலைப்பில் ஒரு மணித்தியாலம் பேசுவார்கள், சமோசா கொடுப்பார்கள், கடைசியில் விண்ணப்பப் படிவம் கொடுப்பார்கள். வேலை இல்லாவிட்டாலும், உடனே போட ஒரு டொலர் இல்லாவிட்டாலும், முன்பு வங்குரோத்து ஆனவராக இருந்தாலும், உரிய அடையாள ஆவணம் காட்டினால் வங்கிக் கணக்குத் திறப்பது இந்த நாட்டில் ஒருவரின் சட்ட உரிமை. தன் கடன் அறிக்கையைத் தானே எடுத்துப் பார்ப்பதால் புள்ளி குறையாது, அதற்குக் காசும் தேவையில்லை. இந்த இரண்டையும் அழுத்திச் சொன்ன கருத்தரங்கு எதிலும் நான் இன்னும் இருக்கவில்லை.

புள்ளி எதை அளக்கிறது, எதை விடுகிறது என்பதையும் பார்க்கவேண்டும். வீட்டு வாடகையைப் பதினைந்து வருஷம் முதலாந் திகதியே கட்டினாலும், வழமையாக அது கணக்கில் வருவதில்லை. அதைச் சேர்க்கவேண்டும் என்று 2024 வரவுசெலவுத் திட்டத்தில் ஒட்டாவாவே கேட்டது. எங்கள் ஆட்கள் பிடிக்கும் சீட்டும் அப்படித்தான். மாதம் ஐந்நூறு, ஆயிரம் என்று இருபது பேர் எழுத்தும் கையொப்பமும் இல்லாமல் கட்டி, எடுத்து, முடிக்கிறார்கள். எடுத்த பிறகும் கடைசி மாதம் வரை கட்டுவது மானத்துக்காக மட்டும். சீட்டுப் பிடித்தவர் காசோடு மறைந்த கதைகளும் இருக்கின்றன, மறைக்கவில்லை. ஆனாலும் இருபது வருஷம் சீட்டுத் தவறாத ஒரு அம்மாவுக்குக் கடன் வரலாறு இல்லை என்று ஒரு இயந்திரம் சொல்லும்போது, குறை அம்மாவில் அல்ல என்றாவது நாங்கள் சொல்லவேண்டும்.

பூச்சியக் கதையின் மிக அசிங்கமான விளைவு ஒன்று உண்டு. எல்லாருக்கும் தெரியும், யாரும் எழுதுவதில்லை. "தம்பி, உங்கட பேர் இன்னும் கிளீனா இருக்கு. ஒரு கார் எடுக்கவேணும், உங்கட பேரில போடுவமா? மாசாமாசம் நான் கட்டுவன்." கேட்பவர் பெரும்பாலும் தங்க இடம் கொடுத்தவர், அல்லது வேலைக்குச் சொல்லிவிட்டவர். உன்னிடம் ஒன்றும் இல்லை என்று முதல் நாளிலிருந்து கேட்டுவந்தவனுக்கு, தன்னிடம் இருக்கிற ஒரே பெறுமதியான பொருள் தன் பெயர்தான் என்று தோன்றிவிடுகிறது. கையொப்பம் வைக்கிறான். நாலாம் மாதம் தவணை நிற்கிறது. அந்தக் கறை கடன் அறிக்கையில் ஆறு வருஷம் கிடக்கும். அதற்குள் அவனுக்கு வாடகை வீடும் கிடைக்காது, கடன் திருத்தித் தருகிறோம் என்று விளம்பரம் போடுகிறவர்களின் வாசலுக்குப் போவான். அல்லது சம்பள நாள் வரை தாங்கக் கடன் தரும் கடைக்குப் போவான். 2025 ஜனவரியிலிருந்து கனடாவில் 35 சதவீதத்துக்கு மேல் வருட வட்டி வாங்குவது குற்றம். ஆனால் இந்தக் கடைகளுக்கு விலக்கு உண்டு, நூறு டொலருக்கு 14 டொலர் வரை எடுக்கலாம். இரண்டு கிழமைக் கடனுக்கு அது வருட வட்டியாக 360 சதவீதத்தைத் தாண்டும்.

இனி வேலை. "எந்த வேலையெண்டாலும் எடுங்கோ, கனடா அனுபவம் வந்திடும்." உண்மையில் எந்த வேலை கிடைக்கிறது? ஒன்று ஏஜென்சி வேலை. விடியற்காலை பிளாசாவுக்கு முன்னால் வான் வரும், ஏறினால் எங்கேயோ ஒரு பொதிசெய்யும் தொழிற்சாலை. ஒன்ராறியோவில் மணித்தியாலத்துக்கு 17.60 டொலர் குறைந்தபட்ச ஊதியம். அது கிடைத்தால் புண்ணியம். மற்றது காஷ் வேலை. கிழமை முடிவில் ஒரு கடித உறைக்குள் காசு. சம்பளத்துண்டு இல்லை, வருஷ முடிவில் ரி-4 என்ற வருமானப் படிவம் இல்லை, வேலை போனால் ஈ.ஐ. என்ற வேலைக் காப்புறுதி இல்லை. வங்கிக்குக் காட்ட வருமானம் இல்லை, அடுத்த முதலாளிக்குக் காட்ட ஒரு கடிதமும் இல்லை. அந்த வேலையில் மூன்று வருஷம் இருந்தாலும், அரசின் கண்ணிலும் வங்கியின் கண்ணிலும் அவர் நேற்று வந்தவர்தான். தொடங்கு என்று காட்டிய பூச்சியத்திலேயே ஆளை வைத்திருப்பது இந்த வேலை.

கனடிய அனுபவம் என்பதைப் பற்றி எங்களிடம் ஒரு பெரிய மயக்கம் இருக்கிறது. ரொறன்ரோப் பல்கலைக்கழகப் பொருளியலாளர் பிலிப் ஓரியோபூலஸ் 2009இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். கற்பனையாக எழுதிய ஆறாயிரம் சுயவிவரக் கோவைகளை ரொறன்ரோப் பகுதி வேலை விளம்பரங்களுக்கு அனுப்பி, யாருக்கு நேர்முக அழைப்பு வருகிறது என்று பார்த்தார். ஆங்கிலப் பெயர், கனடியப் படிப்பு, கனடிய அனுபவம் உள்ள கோவைகளுக்கு 16 சதவீதம் அழைப்பு. சீன, இந்திய, பாகிஸ்தானியப் பெயரோடு வெளிநாட்டுப் படிப்பும் வெளிநாட்டு அனுபவமும் உள்ளவற்றுக்கு 5. அனுபவத்தை மட்டும் கனடிய அனுபவமாக மாற்றினால் 8 ஆனது. இதுவரை மாமா சொல்வது சரி போலத்தான் இருக்கும்.

மிச்சத்தையும் கேளுங்கள். பிரித்தானியாவிலிருந்து வந்தவர்களின் வெளிநாட்டுக் கோவைகள், கனடாக்காரரின் கோவைகளுக்குக் குறையாமல் அழைப்புப் பெற்றன. மான்செஸ்டரில் பெற்ற அனுபவமும் கனடிய அனுபவம் அல்லதான், ஆனால் அது பூச்சியமாகவில்லை. எல்லாம் கனடியமாக இருந்து பெயர் மட்டும் மாறியபோது, ஆங்கிலப் பெயர்க்காரருக்கு 16, மற்றவருக்கு 11. எந்தத் தொழிற்சாலையில் எத்தனை வருஷம் பொதி கட்டினாலும் அந்த ஐந்து புள்ளி இடைவெளியை அடைக்க முடியாது. இன்னொன்று, அந்தக் கோவைகளில் இருந்த கனடிய அனுபவம் விண்ணப்பித்த துறையிலேயே பெற்றது. கணக்காளர் வேலைக்கு விண்ணப்பித்த கோவையில் கணக்காளர் அனுபவம் இருந்தது. கோப்பை கழுவிய கணக்காளருக்கு அந்த 8ஐ இந்த ஆய்வு உறுதி சொல்லவில்லை.

2021 குடிசன மதிப்பீடு சொல்வதும் இதற்குப் பொருந்துகிறது. வெளிநாட்டில் பட்டம் பெற்ற குடிவரவாளரில் நாலில் ஒருவருக்கு மேல், உயர்பாடசாலைப் படிப்பே போதுமான வேலைகளில் இருந்தார்கள். கனடாவில் பிறந்த அல்லது கனடாவில் படித்த பட்டதாரிகளோடு ஒப்பிட்டால் இது இரண்டு மடங்கு. எல்லாரும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சட்டம் எங்கள் அறிவுரையை எப்போதோ தாண்டிப் போய்விட்டது என்பதுதான் வேடிக்கை. கனடிய அனுபவம் வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்பது மேலோட்டப் பார்வையிலேயே பாகுபாடு என்று ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணைக்குழு 2013இலேயே கொள்கை வெளியிட்டது. பதிவு தேவைப்படும் தொழில்களில் அந்த நிபந்தனையைத் தடுக்கும் சட்டம் 2021இல் வந்தது. மாகாணப் பொறியியலாளர் சபை, பன்னிரண்டு மாதக் கனடிய அனுபவம் என்ற தன் நிபந்தனையை 2023 மே மாதம் கைவிட்டது. 2026 ஜனவரி முதலாந் திகதியிலிருந்து, 25 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் ஒன்ராறியோ நிறுவனம் எதுவும் பகிரங்க வேலை விளம்பரத்தில் கனடிய அனுபவம் தேவை என்று போட முடியாது. சம்பள வீச்சையும் போடவேண்டும். நேர்முகத்துக்குக் கூப்பிட்ட ஆளுக்கு 45 நாளுக்குள், யாரையாவது எடுக்க முடிவாகிவிட்டதா என்று அறிவிக்கவேண்டும். விளம்பரத்தில் போடாவிட்டால் மனத்தில் போடமாட்டார்களா என்று கேட்கலாம். போடுவார்கள்தான். ஆனால் அரசே கேட்கக்கூடாது என்று தடுத்த கேள்வியை, வீட்டு வரவேற்பறையில் இருந்துகொண்டு நாங்கள் ஏன் நியாயப்படுத்தவேண்டும்?

"அப்ப வாடகை ஆர் கட்டுறது?" இது நேர்மையான கேள்வி. காசு கரைகிற வேகம் எனக்கும் தெரியும். வயிற்றுப்பாட்டுக்கு ஒரு வேலை எடுப்பதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் வயிற்றுக்காகச் செய்யும் வேலையை ஏணியின் முதல் படி என்று பெயர் சொல்லி விற்காதீர்கள். அது வேறு ஒரு கட்டடத்தின் ஏணி. சம்பளத்துண்டு தருகிற இடமாகப் பாருங்கள், பகல் நேரத்தில் தொலைபேசி எடுக்கவும் நேர்முகத்துக்குப் போகவும் முடிகிற வேலைநேரமாகப் பாருங்கள், எப்போது விடுவது என்று எடுக்கும்போதே மனைவியோடோ கணவரோடோ பேசி ஒரு திகதி வையுங்கள். தொழில் உரிமம் எடுக்கப் பரீட்சைக் கட்டணம் தேவையென்றால், விண்ட்மில் மைக்ரோலெண்டிங் போன்ற அமைப்புகள் கனடியக் கடன் வரலாறு கேட்காமலே குடிவரவாளருக்குக் கடன் கொடுக்கின்றன. மிகப் பெரும்பாலோர் திருப்பிக் கட்டுகிறார்கள். துறைக்குள் இருக்கிற ஒருவரை அறிமுகப்படுத்தும் வழிகாட்டித் திட்டங்களை ட்ரியெக் என்ற ரொறன்ரோ அமைப்பு இருபது வருஷமாக நடத்துகிறது. கோவையைத் தூக்கிக்கொண்டு இந்த வாசல்களுக்குப் போகவேண்டும். பெட்டியில் பூட்டிவைத்தவர் எதைக் கொண்டு போவார்?

ஊரிலிருந்து புறப்படுமுன்னரே அந்தக் கோவையில் இன்னும் சில தாள்களைச் சேர்க்கலாம். சிபில் அல்லது கிரிப் அறிக்கை, வங்கி முகாமையாளரின் கடிதம், வீட்டு வாடகைப் பற்றுச்சீட்டுகள், வாகனக் காப்புறுதியில் இழப்பீடு கேட்காத வருஷங்களுக்கான கடிதம், சாரதி அனுபவத்துக்கு அத்தாட்சி. வங்கி மேசையில் முதலாமவர் இல்லை என்று சொன்னால் இரண்டாவது கிளைக்குப் போங்கள். கிளைக்குக் கிளை மனிதர் வேறு.

இவ்வளவும் வெளியாரைப் பற்றிச் சொன்னேன். எங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். பேஸ்மென்ட் வாடகைக்கு விடுகிற தமிழரே புதிதாக வந்த தமிழரிடம் கடன் அறிக்கை கேட்கிறார். இல்லை என்றால் ஆறு மாத வாடகையை முன்கூட்டியே கேட்கிறார். தனிச் சமையலறையும் குளியலறையும் உள்ள வீட்டுக்கு, கடைசி மாத வாடகை என்ற ஒரு மாதப் பணத்துக்கு மேல் வைப்பாகக் கேட்பது ஒன்ராறியோவில் சட்டவிரோதம். பின்திகதியிட்ட காசோலைகளைக் கட்டாயப்படுத்துவதும் அப்படித்தான். கடன் வரலாறு இல்லாமையை ஒருவருக்கு எதிராக வைக்கக்கூடாது என்றும் மனித உரிமைகள் ஆணைக்குழு சொல்கிறது. மார்க்கத்தில் கணக்கு அலுவலகம் வைத்திருப்பவரும், ஸ்காபரோவில் அச்சகம் நடத்துபவரும், யாழ்ப்பாணத்தில் பதினைந்து வருஷம் அதே வேலை செய்து வந்தவரிடம் "கனடா அனுபவம் இருக்கோ?" என்று கேட்கிறார்கள். அவர்களிடம் 25 பேர் வேலை செய்வதில்லை, புதிய சட்டம் அவர்களைத் தொடாது.

ஆங்கிலேய வீட்டுக்காரர், யாழ்ப்பாணத்துக் கோப்பாயிலிருந்து வந்த ஒரு கடிதத்தை எப்படிச் சரிபார்ப்பது என்று கையை விரிக்கலாம். கேட்க ஆள் இல்லை, மொழி தெரியாது. எங்கள் வீட்டுக்காரருக்கும் முதலாளிக்கும் அந்தச் சாட்டுக் கிடையாது. கடிதத்தில் இருக்கிற பாடசாலை அவருக்குத் தெரியும், வங்கிக் கிளை தெரியும், அதிபரின் தம்பி இங்கேதான் பிக்கரிங்கில் இருக்கிறார். ஒரு வட்ஸ்அப் அழைப்பில் பத்து நிமிஷத்தில் ஆள் யார் என்று அறிந்துவிடலாம். கலியாணம் பேசும்போது மாப்பிள்ளையின் மூன்று தலைமுறையை ஒரு கிழமைக்குள் விசாரித்து முடிக்கிறவர்கள், வாடகைக்கு வருகிறவனைப் பற்றி விசாரிக்க ஈக்விஃபாக்ஸ் வேண்டும் என்கிறார்கள்.